உப்புப் பார்க்க ஒரு கை

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலையின் படிகளில் குடைகள் இறங்கி வந்துகொண்டிருந்தன. எங்கள் சமையற்கூடத்தின் பின்வாசலில் நின்றால் அவை நன்றாகத் தெரியும். மஞ்சளில் ஒன்று, பூப்போட்டது ஒன்று, மற்றவை கறுப்பு. பாறை மறைக்கும் இடத்தில் மறைந்து, சற்றுக் கீழே மறுபடியும் முளைத்தன.

உள்ளே பெரிய குண்டானில் மொச்சையும் கத்திரிக்காயும் போட்ட காரக்குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. மணம் சாலைவரை போயிருக்க வேண்டும். வெளியே ஓர் ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருந்தார். மலை ஏறி இறங்கிய பசியோடு ஒரு பேருந்து நிறைய மனிதர்கள் வரப்போகிறார்கள். இலை கழுவியாயிற்று. சோறு வடித்தாயிற்று. குண்டானைச் சுற்றி நின்ற பெண்கள் மட்டும் சிலைகளாக நின்றார்கள். ஒருவர் கையும் கரண்டியைத் தொடவில்லை.

"உப்பு பாக்காத கொழம்ப நான் எறக்க மாட்டேன்" என்றார் கஸ்தூரி, கைகளைக் கட்டிக்கொண்டு.

உப்புப் பார்ப்பது எத்தனை சிறிய காரியம். கரண்டி நுனியிலிருந்து இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்தால் முடிந்தது. அதற்காக ஒரு கை நீளாமல், பொருளாதார வளர்ச்சி முழுவதும் அடுப்படியில் தவம் கிடந்த அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் இந்த வாரம் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

வளர்ச்சி ஆபீஸ்

கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு நான் போய்ச் சேர்ந்த அறக்கட்டளைக்கு மிக நீளமான பெயர். அனைவரையும் உள்ளடக்கிய, நீடித்த வட்டாரப் பொருளாதார வளர்ச்சிக்கான அறக்கட்டளை. பெயர்ப்பலகை எழுத வந்தவர் 'அனைவரையும்' என்பதைப் பெரிதாக, அழகாக எழுதிவிட்டார். 'வளர்ச்சி' வரும்போது பலகை முடிந்துவிட்டது. எஞ்சியதைக் கீழே எறும்பு ஊர்வதுபோல எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஊரில் யாரும் அவ்வளவு தூரம் படிக்கவில்லை. எங்களுக்கு 'வளர்ச்சி ஆபீஸ்' என்று பெயர் நிலைத்தது. மளிகைக் கடைக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இந்த வாரம் இன்னா வளந்துச்சு, டீச்சரம்மா?" என்று விசாரிப்பார்.

எங்கள் தலைவர் வேளாண்மைத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டம் நடத்துவதில் அவருக்கு இருந்த ஆசை சிலருக்குப் பேரப்பிள்ளைகளிடம் இருப்பதுபோன்றது. எந்தக் கூட்டமானாலும் ஒரே முறையீட்டில் வந்து முடிப்பார். கோட்டையைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ பேருந்துகள் வருகின்றன. வந்தவர்கள் மலை ஏறுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், பிறகு திண்டிவனம் நெடுஞ்சாலைக்குப் போய்ச் சாப்பிடுகிறார்கள். செஞ்சிக்கு மிஞ்சுவது காலித் தண்ணீர் பாட்டில்கள்தாம்.

அவர்கள் ஒரு வேளையாவது இங்கே சாப்பிட்டால் என்ன? அந்தக் கேள்வியிலிருந்துதான் சமையற்கூடம் பிறந்தது. திருவண்ணாமலைச் சாலையோரம் பூட்டிக் கிடந்த ஒரு நெல் கிடங்கை வாடகைக்கு எடுத்தோம். அரிசி மேல்சித்தாமூரிலிருந்து வந்தது. காய்கறி தொண்டூர்த் தோட்டங்களிலிருந்து வந்தது. எண்ணெய் எங்கள் பக்கத்து மல்லாட்டையைச் செக்கில் ஆட்டியது. வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம், வெளியூர் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சாப்பிட்ட இலை மாட்டுக்குப் போனது. சமைப்பவர்களில் பாதிப் பேர் ஊரிலிருந்து, பாதிப் பேர் காலனியிலிருந்து. திறப்பு விழாவில் பேசியவர்கள் எல்லாரும் இந்தக் கடைசி விஷயத்தைத் தவறாமல் பாராட்டினார்கள். பாராட்டிவிட்டு, அவசர வேலை இருந்ததால், சாப்பிடாமல் போனார்கள்.

இரண்டு கைகள்

கஸ்தூரி காலனிப் பெண். சென்னையில் கேட்டரிங் படித்து, அங்கேயே ஒரு பெரிய ஓட்டலில் சமையல் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவர். மகளை இங்கே தம் அம்மாவிடம் விட்டிருந்தார். மாதத்தில் ஒரு முறை வருவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்தக் குழந்தை, "எப்பம்மா போவ?" என்று கேட்குமாம். அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டாமல்தான் எங்கள் கூடத்துக்கு வந்ததாக என்னிடம் சொன்னார். குழுவில் தலைமைச் சமையல் அவருடையது.

அம்சவேணி ஊர்ப்பக்கம். தலைமுறை தலைமுறையாகப் பயிர்செய்யும் குடும்பம். உயர்ந்த, கனத்த உருவம். அவர் நடந்தால் பாத்திரங்கள் தாமாகவே ஒதுங்கும் என்று சுமதி சொல்வார். சுமதி, காலனியிலிருந்து வந்த இன்னொருவர். எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தை கையில் வைத்திருப்பவர். ஏன் இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று அம்சவேணியைக் கேட்டபோது, வீட்டில் தம் சமையலைக் குறை சொல்லாத வாயே இல்லை என்றும், காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்றும் காரணம் சொன்னார். பொருளாதாரத்தில் இதைவிடத் தெளிவான ஒரு முதலீட்டு நோக்கத்தை நான் படித்ததில்லை.

இருவருக்கும் முதல் நாளிலிருந்தே பிடித்துப்போயிற்று. வெங்காயம் எப்படி அரிய வேண்டும் என்பதில் இருவருக்கும் இருந்த பிடிவாதம் ஒரே அளவு. சண்டையும் சிரிப்புமாகக் கூடம் எப்போதும் கலகலவென்றிருக்கும்.

அவர்கள் ஒன்றாகச் செய்யாதது ஒன்றுதான். சாப்பிடுவது.

காலண்டரில் வெறும் நாள் இல்லை

கூடத்துச் சுவரில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கியது. காலையில் வந்ததும் அம்சவேணி முதலில் அதைத்தான் பார்ப்பார். செவ்வாயென்றால் விரதம். வெள்ளி, சொல்லவே வேண்டாம். அமாவாசை, சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம். ஒன்றும் அகப்படாத நாளில், வரும்போதே வீட்டில் சாப்பிட்டாயிற்று. மற்ற ஊர்ப் பெண்களும் மெல்ல அதே வழியைப் பிடித்தார்கள். காலனிப் பெண்கள் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துகொண்டார்கள்.

தொண்டூர்க் குன்றுக்கு ஒருமுறை கல்லூரி மாணவிகளை அழைத்துச் சென்றிருக்கிறேன். சமணத் துறவிகளுக்காகப் பாறையில் செதுக்கிய படுக்கைகள் அங்கே இருக்கின்றன. கைவைத்துப் பார்த்தால் வெயிலிலும் குளிர்ந்திருக்கும். உண்ணாநோன்பையே வாழ்வாக்கிக்கொண்ட அந்த மனிதர்கள் எங்கள் கூடத்தைப் பார்த்திருந்தால் எழுந்து வணங்கியிருப்பார்கள்.

நோன்பை நான் கேலி செய்யவில்லை. எங்களுக்கு அரிசி தரும் மேல்சித்தாமூர் நயினார், சமணர், பொழுது சாய்ந்தபின் ஒரு வாய் உண்ண மாட்டார். அவருக்காகவே தலைவர் தம் கூட்டங்களை வெளிச்சத்திலேயே முடித்துக்கொண்டார். அதற்காக நயினாருக்கு நாங்கள் அனைவரும் இன்றும் கடமைப்பட்டிருக்கிறோம். அவருடைய விரதம் அவருடைய வாய்க்கானது. எங்கள் கூடத்து விரதங்கள் அடுத்தவர் கைக்கானவை. இந்த வித்தியாசம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை.

கஸ்தூரி மட்டும் ஒருநாள் காலண்டர்த் தாளைக் கிழித்துக்கொண்டே, "அக்காவுக்கு சாமிங்க ஜாஸ்தி மேடம். எனக்குப் பசிதான் ஜாஸ்தி" என்றார். அம்சவேணியும் சேர்ந்தே சிரித்தார். சிரித்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.

ஏரிக்கரையில் ஒரு படம்

இந்த இடத்தில் பனமலையையும் சொல்லிவிட வேண்டும். குழு தொடங்கிய புதிதில், ஒற்றுமை வளரட்டும் என்று தலைவர் எல்லாரையும் ஒரு வேனில் பனமலைக்கு அழைத்துப் போனார். கோயிலைப் பார்த்தோம். ஏரியில் தண்ணீர் நிரம்பியிருந்தது. கரையில் நல்ல காற்று. மதியம் அவரவர் கொண்டுவந்த பாத்திரத்தைத் திறந்துகொண்டு உட்கார்ந்தோம். ஊர்ப் பெண்கள் புளிய மரத்தடியில். காலனிப் பெண்கள் சற்றுத் தள்ளி, படித்துறைப் பக்கம். நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற அளவு புல்தரை.

தலைவர் படம் எடுக்க வேண்டும் என்றார். இங்கும் அங்கும் நடந்து பார்த்தார். கடைசியில் கரைமேட்டில் மண்டியிட்டு, கழுத்தை ஒருக்களித்து எடுத்தார். அந்தக் கோணத்தில் புல்தரை மறைந்துவிட்டது. படத்தில் நாங்கள் எல்லாரும் ஒரே வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அழகான படம். எங்கள் ஆண்டறிக்கையின் அட்டையில் அதுதான் வந்தது.

தலைவர் ஏமாற்றுக்காரர் அல்லர். அது உண்மையாக வேண்டும் என்று அவர் மனதார ஆசைப்பட்டார். ஆசைப்படுகிறவர்களுக்குச் சரியான கோணம் எப்படியோ அகப்பட்டுவிடுகிறது.

பாண்டிச்சேரிக்காரர்

சில வாரங்கள் அலுவலகங்களுக்குப் பொட்டலச் சாப்பாடு கொடுத்துக் கை பழகினோம். எலுமிச்சைச் சோறு, பொங்கல். எல்லாவற்றிலும் அளந்து உப்புப் போட்டு ஒப்பேற்றிவிட முடிந்தது. பிறகு எங்களுடைய பெரிய வாய்ப்பு வந்தது.

புதுச்சேரியிலிருந்து ஞாயிறுதோறும் கோட்டைக்குச் சுற்றுலாப் பேருந்து விடுகிற ஒருவரைத் தலைவர் எப்படியோ பேசி இணங்க வைத்திருந்தார். மெலிந்த, மரியாதையான மனிதர். ஒரு ஞாயிறு சாப்பிட்டுப் பார்ப்பார். பிடித்தால் பருவம் முழுவதும் அவர் பேருந்து எங்களிடம். பிடிக்காவிட்டால் திண்டிவனத்து ஓட்டலோடு பேசி முடித்துவிடுவார். ஞாயிற்றுப் பேருந்து நிலைத்தால் கூடம் நிற்கும். இல்லையென்றால் பொட்டலச் சோற்றை நம்பி வாடகைகூடக் கொடுக்க முடியாது. இது எல்லாருக்கும் தெரியும். கஸ்தூரிக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

அந்த முதல் ஞாயிறு எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. இலை போட்டோம், சோறு பரிமாறினோம், குழம்பை ஊற்றினோம். முதல் கவளம் எடுத்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தண்ணீர்க் குவளையைத் தேடினார்கள்.

ஓர் அம்மாள் மெதுவாகத் தயிர் கேட்டார். பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டார். பிறகு குழம்பை இலையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தார். அவ்வளவு பதவிசாக. பேருந்து ஓட்டுநர்தான் உரக்கக் கேட்டார்.

"இன்னாக்கா, கடல் தண்ணியிலயா கொழம்பு வெச்சீங்க? அது எங்க ஊர்லயே இருக்குதே. அதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?"

வரிசை முழுவதும் சிரித்தது. எங்களாலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. கஸ்தூரி மட்டும் சிரிக்கவில்லை. தாம் ஒரு முறைதான் உப்புப் போட்டதாகவும், அளந்துதான் போட்டதாகவும் ஒவ்வொருவரிடமாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாண்டிச்சேரிக்காரர் கிளம்பும்போது கைகூப்பினார். புதிய இடம், பழக்கம் போதவில்லை, தமக்குப் புரிகிறது என்றார். அடுத்த ஞாயிறு இன்னொரு முறை பார்ப்பதாகவும் அதற்குப் பிறகு முடிவு செய்துவிடுவதாகவும் சொன்னார்.

புதன்கிழமை

செஞ்சி சிறிய ஊர். அந்த உப்பு திங்கட்கிழமைக்குள் காந்தி பஜார்வரை போய்விட்டது. ஒரு கடையில் யாரோ, காலனிக் கையில் வேறு எப்படி இருக்கும் என்றாராம். சொன்னவரும் ஒருநாள் அந்தக் கூடத்துப் பொங்கலைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டவர்தான். பொட்டலத்தில் கை தெரிவதில்லை.

புதன்கிழமை கஸ்தூரி என் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சென்னை ஓட்டலில் மறுபடி கூப்பிடுகிறார்கள், திங்கட்கிழமை சேர்ந்துவிடப் போகிறேன் என்று வேறு யாரோ போவதுபோலச் சொன்னார்.

"ஞாயித்துக்கெழம சமைச்சுக் குடுத்துட்டுத்தான் போவேன் மேடம். பாதியில வுட்டுட்டு ஓடிட்டான்னு பேரு வேணாம்."

மகளிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார்.

பிறகு, ஏன் உப்புப் பார்க்கவில்லை என்று நான் கேட்காமலே சொன்னார். கூடம் தொடங்கிய முதல் வாரத்தில் வழக்கம்போலச் சாம்பாரை உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்திருக்கிறார். தலையை நிமிர்த்தினால், பக்கத்து அடுப்பில் காய் கிண்டிக்கொண்டிருந்த கைகள் நின்றுபோயிருந்தன. ஒரு நொடிதான். பிறகு கிண்டத் தொடங்கிவிட்டன.

"யாரும் ஒண்ணும் சொல்லல மேடம். சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன்."

அன்றிலிருந்து காலனிப் பெண்கள் உப்புப் பார்ப்பதை விட்டார்கள், எச்சில் என்று பெயர் வரக் கூடாதென்று. ஊர்ப் பெண்கள் பார்ப்பதே இல்லை. பார்த்தால் கஸ்தூரி வைத்ததை உண்டதாகிவிடும். உலகத்தில் எந்த அடுப்படியிலும் நடக்காத ஒன்று எங்கள் அடுப்படியில் நடந்துகொண்டிருந்தது. ஒருவர்கூடச் சுவை பார்க்காமல் ஒரு பேருந்துக்குச் சமைத்துக்கொண்டிருந்தோம்.

நான் கற்பித்த பொருளாதாரத்தில் உற்பத்தி உண்டு, தேவை உண்டு, சந்தை உண்டு. நாக்கு இல்லை. அன்று மாலை அதைப் பற்றி வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுபடியும் குடைகள்

ஆக, அந்த இரண்டாவது ஞாயிறு. கஸ்தூரி காலையிலேயே ஒரு பெரிய துணிப்பையோடு வந்தார். சமைத்து முடித்ததும் இங்கிருந்தே சென்னைப் பேருந்தைப் பிடித்துவிடலாம். திருவண்ணாமலையிலிருந்து வரும் வண்டி எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். பையை அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். ஜிப் மூடவே முடியாமல் புடைத்துக்கொண்டிருந்தது. எல்லாரும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

அம்சவேணி காலண்டரைப் பார்த்தார். கிருத்திகை. இந்த முறை நானும் எட்டிப் பார்த்தேன். அன்று உண்மையாகவே கிருத்திகைதான்.

குழம்பு கொதித்தது. கஸ்தூரி உப்பைப் போட்டார். போட்டதை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு கரண்டியைக் குண்டானின் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு, நான் தொடக்கத்தில் எழுதிய அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

தலைவர் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். நிலைமையைப் புரிந்துகொண்டு, தாமே பார்ப்பதாக முன்னே வந்தார். பாவம், இரத்த அழுத்தத்துக்காக உப்பை அவருக்கு மருத்துவர் நிறுத்திப் பல காலமாயிற்று.

"சார், உங்களுக்கு எளநீகூட உப்பாத்தான் இருக்கும். நகருங்க" என்றார் சுமதி. அவர் நகர்ந்தார்.

அடுத்து நான் போனேன். எனக்குக் கூச்சமொன்றும் இல்லை. அந்தக் கூடத்தில் பலமுறை சாப்பிட்டிருக்கிறேன். கையை நீட்டினேன். கஸ்தூரி கரண்டியை எடுக்கவில்லை.

"நீங்க வேணாம் மேடம். நீங்க சாப்புடறது எங்களுக்குப் புதுசில்ல. போட்டோவுல நாங்க எல்லாரும் ஒண்ணாத்தான் உக்காந்துனு இருக்கோம். கூட வேல செய்றவங்க பாக்கட்டும். இல்லன்னா இது இப்படியே கொதிக்கட்டும்."

குரலை உயர்த்தவில்லை. கோபம்கூட இல்லை. மூட்டை கட்டியாயிற்று, இனி யாருக்காகவும் எதையும் மென்மையாகச் சொல்ல வேண்டியதில்லை என்ற ஓர் இலேசு அவர் முகத்தில் இருந்தது.

நான் வாசலைப் பார்த்தேன். மஞ்சள் குடை கடைசிப் படிகளுக்கு வந்துவிட்டது. பாண்டிச்சேரிக்காரர் முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

குழம்பு சுண்டத் தொடங்கியது. சுண்டினால் உப்பு ஏறும் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொருவரும் இன்னொருவரைப் பார்த்தார்கள். அம்சவேணி யாரையும் பார்க்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"போன வாரம் ரெண்டாவது உப்பு போட்டது நான்தான்" என்றார்.

தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த சுமதியின் கை நின்றது.

அம்சவேணி குண்டானைப் பார்த்துக்கொண்டே பேசினார். போன ஞாயிறு கஸ்தூரி இலை போட வெளியே போனபோது, உப்பு ஜாடி திறந்தபடி இருந்திருக்கிறது. போட்டாளா, போடவில்லையா என்று தெரியவில்லை. வெளியே போய்க் கேட்டால், தொட்டுப் பார்க்கத் தெரியாதா என்று கேட்பாள். தொட்டுப் பார்க்கவும் மனம் வரவில்லை. உப்பில்லாமல் பந்தி நடந்து இந்தப் பெண்ணுக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதே என்று, நல்லெண்ணத்தோடு, இரண்டு கை அள்ளிப் போட்டிருக்கிறார்.

"பஜார்ல அவன் காலனிக் கைன்னு சொன்னப்போ நான் பக்கத்துக் கடையிலதான் நின்னுனு இருந்தேன். வாயி இருந்துச்சு. பேசல."

சொல்லிவிட்டு, குண்டானுக்கு மேல் வலது கையை நீட்டினார். உள்ளங்கை மேலே பார்க்க. மஞ்சள் ஏறிய, அகலமான கை.

"ஊத்து."

கஸ்தூரி அந்தக் கையைச் சிறிது நேரம் பார்த்தார். கரண்டியை எடுத்தார். குழம்பை ஊதி ஆற்றி, இரண்டு சொட்டு விட்டார்.

அம்சவேணி நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். தலைவர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

"உப்பு கம்மி."

"கம்மியா?" கஸ்தூரியின் குரலில் சமையற்காரி திரும்பி வந்துவிட்டார். "நல்லாப் பாத்து சொல்லுக்கா."

"அப்போ இன்னொரு வாட்டி ஊத்து. கரண்டிய நல்லா சாய்ச்சு ஊத்து, கண்ணுக்கு மருந்து வுடற மாதிரி வுடாத."

இரண்டாவது முறையும் குறைவாகவே இருந்தது. கொஞ்சம் உப்புப் போட்டுக் கிண்டினார்கள். மூன்றாவது முறை கை நீண்டது. சுமதிக்கு இதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"ஏங்க்கா, கிருத்திகை இன்னா ஆச்சு?"

அம்சவேணி உள்ளங்கையை வழித்து முடித்துவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார்.

"முருகன் மன்னிச்சுக்குவாரு. பஸ்ஸுக்காரன் மன்னிக்க மாட்டான். எறக்கு, எறக்கு, வந்துட்டாங்க."

பை

பந்தியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாக நடந்த பந்தியில் பேச்சுக் குறைவாகத்தான் இருக்கும். போன வாரத்து ஓட்டுநர் மூன்றாம் முறை குழம்பு வாங்கினார். இந்த முறை கடலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாண்டிச்சேரிக்காரர் கைகழுவிவிட்டு வந்து, பருவம் முடியும்வரை ஞாயிறுதோறும் வருவதாகத் தலைவரிடம் சொன்னார். தலைவர் உடனே அதற்கொரு கூட்டம் போட வேண்டும் என்றார். அவரை யாரும் கவனிக்கவில்லை.

பேருந்து போனபிறகு கூடத்தில் இலைகளும் ஈரமும் மிஞ்சின. செண்பகம் என்ற ஊர்ப் பெண் வழக்கம்போல வீட்டுக்குக் கிளம்பினார். அவருக்குக் கிருத்திகை இன்னும் முடிந்திருக்கவில்லை, குற்றமில்லை. மற்றவர்கள் போவதா இருப்பதா என்று பாத்திரம் தேய்ப்பதுபோல நின்றுகொண்டிருந்தார்கள். கஸ்தூரி முகம் கழுவி, தலையைச் சரிசெய்துகொண்டு வந்தார். சென்னை வண்டிக்கு நேரமாகியிருந்தது.

அம்சவேணி ஓர் இலையை எடுத்தார். சோற்றைத் தாமே போட்டுக்கொண்டார். குழம்பை ஊற்றிக்கொண்டார். உட்கார இடம் தேடுபவர்போலச் சுற்றிலும் பார்த்தார். கிடங்கு முழுவதும் இடம் இருந்தது. அவர் நேராக அரிசி மூட்டைகளிடம் போய், அந்தப் புடைத்த துணிப்பையின்மேல் உட்கார்ந்தார். முழு பாரத்தோடும். ஜிப்பில் ஏதோ நெரிந்தது.

"அக்கா, என் பை" என்றார் கஸ்தூரி.

"தெரியுது."

"எந்திரிக்கா. பஸ்ஸு வந்துடும்."

"சாப்புடறவள எழுப்புவாங்களா? வந்தா போவட்டும்." ஒரு கவளத்தை வாயில் போட்டு மென்றார். "கொழம்பு நல்லா இருக்குது. உப்பு பாத்தவ கை அப்படி."

தலைவர் படம் எடுக்கக் கைப்பேசியை வெளியே எடுத்தார். நான் அதை மெல்ல வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

வெளியே ஹாரன் கேட்டது. சென்னை வண்டி வாசலருகே வேகம் குறைந்தது. சுமதி எட்டிப் பார்த்து, போ போ என்று கையை வீசினார். அது போய்விட்டது. திண்டிவனத்துப் பக்கம் அதன் சத்தம் தேயும்வரை கஸ்தூரி அப்படியே நின்றார்.

அம்சவேணி அவ்வளவு நிதானமாகச் சாப்பிட்டு அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு பருக்கையாக எடுத்தார். இலை காலியாகிக்கொண்டு வந்தது. எழுந்திருக்கும் எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை.

"மோரு இருக்குதா?" என்று கேட்டார்.

கஸ்தூரி மோர்ப் பாத்திரத்தை எடுத்து வந்து ஊற்றினார். பிறகு தமக்கும் ஓர் இலையை எடுத்துக்கொண்டு, எதிரே தரையில் உட்கார்ந்தார்.